ஆற்றின் நடுவே நின்ற தபால்காரர்

“காலை ஒன்பது மணிக்கு இருபத்திரண்டு பேர் வந்து உக்காந்திருப்பாங்க அண்ணாச்சி, நீங்க போய்ப் பேசுனாப் போதும்” என்று வெள்ளைப்பாண்டி சொன்னார். ஒன்பது மணிக்குப் போனேன். இருபத்திரண்டு பேரும் இருந்தார்கள். ஆனால் உட்காரவில்லை. ஒருத்தி நடுவில் நின்று ஏதோ கதை சொல்கிறாள். மற்றவர்கள் எல்லாரும் கூடவே பேசுகிறார்கள், பாடுகிறார்கள், மேசையைத் தட்டுகிறார்கள். யார் சொல்கிறவர், யார் கேட்கிறவர் என்றே எனக்குப் பிடிபடவில்லை. அந்த நிமிடமே தெரிந்துவிட்டது சார், இங்கே எனக்கு நிறைய வேலை இருக்கிறது என்று.

இந்தச் சட்டையைப் பார்த்துத்தானே கேட்டீர்கள்? ஆப்பிரிக்கச் சட்டைதான். கானா நாட்டுத் துணி. பஸ் மேலூர் தாண்டும்வரை நீங்கள் பார்த்துக்கொண்டே வந்தீர்கள், கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. நானாகப் போய்ச் சொல்கிற ஆள் இல்லை நான். கேட்டதால் சொல்கிறேன். நீங்கள் விராலிமலையில் இறங்குகிறவர் என்றால் நேரம் இருக்கிறது. நான் திருச்சிவரை. நாளைக்கு அங்கே எனக்கு ஒரு பாராட்டு விழா. ‘ஆப்பிரிக்காவுக்குக் கதை கற்றுத்தந்தவர்’ என்று அழைப்பிதழில் போட்டிருக்கிறார்கள். வேண்டாம் என்றுதான் சொன்னேன். அச்சாகிவிட்டது என்றார்கள்.

என் பெயர் கோமதிநாயகம். திருநெல்வேலிப் பக்கம். நாளிதழ் ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஞாயிறு மலர் நெடுங்காலம் என் பொறுப்பில் இருந்தது. ஒரு கதை எந்த இடத்தில் தொடங்க வேண்டும், எங்கே திரும்ப வேண்டும், என்ன நீதி சொல்லி முடிய வேண்டும் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. கடைசி நேரத்தில் விளம்பரம் வந்தால் எந்தப் பத்தியைத் தூக்கலாம் என்பதும் தெரியும். வெள்ளைப்பாண்டியின் மகள் எழுதிய கவிதை ஒன்றை ஒருமுறை மலரில் போட்டேன். நன்றி மறக்காத மனிதர் அவர்.

அவர் தூத்துக்குடிக்காரர். கருவாட்டு வியாபாரத்தில் தொடங்கி, இப்போது கானாவில், கேப் கோஸ்ட் என்கிற நகரத்துக்கு மேற்கே ஒரு கடற்கரை ஊரில், பெரிய மீன் குளிர்பதனக் கிடங்கு வைத்திருக்கிறார். கிடங்குக்குச் சுற்றுச்சுவர் கட்டியதில் ஊர்ப் பெண்கள் மீனைப் புகையில் வாட்டப் போகிற பாதை அடைபட்டுவிட்டது. அதிலிருந்து ஊருக்கு அவர்மேல் கோபம். வழியில் பார்த்தால் யாரும் வணக்கம் சொல்வதில்லை. ஊருக்கு ஏதாவது நல்லது செய்யுங்கள் என்று அவருடைய கணக்கர் யோசனை சொன்னார். ஊர்க்காரர்கள் கால்பந்து மைதானம் கேட்டார்கள். மைதானம் என்றால் நிலம் வேண்டும். கதை என்றால் ஒரு ஆள் போதும். அப்படித்தான் ‘இளைஞர் கதை மற்றும் கலைப் பயிலரங்கு’ பிறந்தது. அந்த ஆள் நான்.

பயிலரங்குக்கு ஒரு பரிசும் உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் மற்றது உங்களுக்குப் புரியாது. அந்த ஊரில் சின்னதாக ஒரு வானொலி நிலையம் இருக்கிறது. அங்கே ஒரு ஆளுக்கு ஒரு வருடம் சம்பளத்தோடு பயிற்சி. கதை நிகழ்ச்சி நடத்த வேண்டும். சம்பளம் வெள்ளைப்பாண்டியின் கம்பெனி கொடுக்கும். ஆளை யார் தேர்ந்தெடுப்பது? ஆசிரியர். அதாவது நான். நான் கைகாட்டுகிற ஆளைத்தான் எடுக்க வேண்டும் என்று நிலையத்தோடு ஒப்பந்தமே போட்டார்கள். அந்தக் கண்டிப்பு என் யோசனை.

முதல் நாளே எல்லாரையும் எழுப்பி, உனக்கு என்ன வேண்டும் என்று ஒவ்வொருவராகக் கேட்டேன். கற்றுக்கொள்ள வேண்டும், முன்னேற வேண்டும் என்று பொதுவாகச் சொன்னார்கள். ஏக்கோ என்று ஒரு பையன், அமைதியானவன், லாரி ஓட்டவேண்டும் என்றான். தன்னடக்கம். அப்போதே அவனைக் குறித்துவைத்தேன். நான் உள்ளே நுழைந்தபோது நடுவில் நின்று கதை சொல்லிக்கொண்டிருந்தாளே, அந்தப் பெண், அராபா ஈஷுன், எழுந்து நேராகச் சொன்னாள். ஆங்கிலத்தில் சொன்னதை நம் பேச்சில் சொல்கிறேன்.

“அந்த வானொலி வேலை எனக்கு வேணும்.”

ஏன் என்று கேட்டேன்.

“உங்க நண்பரோட குளிர் அறையிலதான் நான் மீன் அடுக்குறேன். ராத்திரி முழுக்க. காதை மூடிக் குல்லா போட்டிருப்போம், ஒருத்தர் பேசுறது ஒருத்தருக்குக் கேக்காது. வாயைத் திறந்தா பல்லு கூசும். எனக்குப் பேசுற வேலை வேணும்.”

வேலை முடித்து நேராக வகுப்புக்கு வருவாள். அதனால் மீன் வாடை. அவளுடைய நன்மைக்காகவே கடைசி வரிசையில், ஜன்னல் பக்கமாக உட்காரச் சொன்னேன். காற்று வரும் இல்லையா?

பாடத்துக்கு வருகிறேன். அங்கே கதை சொல்ல ஒரு முறை வைத்திருக்கிறார்கள். முறை என்று சொல்வதே தவறு. சொல்கிறவர் எழுந்தவுடன் முதலில் என்ன சொல்வார் தெரியுமா? நான் சொல்லப்போவது உண்மையில்லை, நம்பாதீர்கள் என்பார். அதைச் சொல்லிவிட்டுத்தான் கதைக்குள் போவார். நான் நாளிதழில் இருந்தவன் சார். பொய் என்று முதல் வரியிலேயே ஒப்புக்கொள்வதை நான் எப்படி அனுமதிப்பேன்? அதை முதல் நாளே நிறுத்தினேன்.

இரண்டாவது, குறுக்கீடு. கதை நன்றாகப் போய்க்கொண்டிருக்கும். திடீரென்று ஒருவர் எழுந்து, நிறுத்து, அன்றைக்கு நானும் அங்கே இருந்தேன் என்பார். எங்கே? கதையில். ஆமை அரசனிடம் போன அன்று இவரும் அங்கே இருந்தாராம். இருந்ததோடு விடமாட்டார், ஒரு பாட்டை எடுத்துவிடுவார். எல்லாரும் கை தட்டிச் சேர்ந்து பாடுவார்கள். பாட்டு முடிந்ததும், ம், அப்புறம் என்று கதையைச் சொன்னவரிடமே திருப்பிக் கொடுப்பார்கள். அதற்குள் அந்தக் கதை போகிற திசை மாறியிருக்கும். ஆமையைக் காணோம், அரசனுக்குப் பல்வலி. இப்படி ஒரு கதையை எத்தனை பேர் சொன்னால் அடியில் யார் பெயர் போடுவது? ஞாயிறு மலரில் நான் எப்படி அச்சடிப்பேன்?

பள்ளிக்கூட ஆசிரியர் ஒருவர், குவான்சா என்று பெயர், எனக்கு உதவியாக இருந்தார். மத்தியானம் சோள மாவு உருண்டையும் பொரித்த மீனும் சாப்பிட்டுக்கொண்டே விளக்கம் சொல்வார். நான் கொண்டுபோன பருப்புப் பொடியை அந்த உருண்டையில் தொட்டுக்கொள்வேன். அவரும் ஒருநாள் தொட்டுப் பார்த்தார், பிறகு தொடவில்லை. “மிஸ்டர் கோமதி, குறுக்கே பேசினால்தான் கேட்கிறார்கள் என்று அர்த்தம்” என்பார். என்னை அங்கே எல்லாரும் மிஸ்டர் கோமதி என்றுதான் கூப்பிட்டார்கள். கோமதி என்பது என் அத்தையின் பெயர் என்று அவர்களுக்கு யார் சொல்வது? நான் குவான்சாவிடம் சொன்னேன்: கேட்கிறவன் வாயை மூடிக்கொண்டு கேட்க வேண்டும், அதற்குப் பெயர்தான் ரசனை. அவர் தலையாட்டினார். அவருக்கு விளங்கிவிட்டது என்று எடுத்துக்கொண்டேன்.

மூன்று விதிகள் எழுதிச் சுவரில் ஒட்டினேன். பொய் என்று சொல்லாதே. குறுக்கே பேசாதே. நீதி சொல்லி முடி. மூன்றாம் வாரத்தில் வகுப்பு எப்படி இருந்தது தெரியுமா? ஊசி விழுந்தால் கேட்கும். ஒருவர் எழுந்து கதை சொல்வார், நீதி சொல்வார், உட்காருவார். மற்றவர்கள் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். வருகை குறைந்தது என்பது உண்மைதான். பாதிப் பேர் நின்றுவிட்டார்கள். தரம் உயரும்போது அது சகஜம்.

அராபா நிற்கவில்லை. அவளுக்குத்தான் சிரமம். யாராவது கதை சொன்னால் அவள் உதடு துடிக்கும், கால் தரையைத் தட்டும். இரண்டு முறை எழுந்தே விட்டாள். நான் பார்த்தேன். உட்கார்ந்துவிட்டாள். நல்ல திறமை சார், அதை நான் மறுக்கவில்லை. ஒழுங்குதான் இல்லை.

நிறைவு விழா வந்தது. ஊரே வரப்போகிறது, ஊர்த்தலைவர் வருகிறார், வானொலி நிலையத்தார் வருகிறார்கள். வெள்ளைப்பாண்டிக்கு ஒரே பதற்றம். நான் முதலில் மாதிரிக்கு ஒரு கதை சொல்வது, பிறகு ஏக்கோ சொல்வது, பிறகு நான் வானொலிக்கு ஆள் அறிவிப்பது என்று ஏற்பாடு. மாணவர்கள் எனக்குப் பழகிவிட்டார்கள், ஊர்க்காரர்கள் பழகவில்லையே? அவர்கள் குறுக்கே பாட ஆரம்பித்தால்? யோசித்தேன். அராபாவைக் கூப்பிட்டேன். கூட்டத்தை அமைதியாக வைத்திருப்பது உன் பொறுப்பு, நான் கதை சொல்லி முடிக்கும்வரை ஒரு சத்தம் வரக் கூடாது, வராவிட்டால் அந்த வானொலி இடம் உனக்குத்தான் என்றேன்.

“ஒரு பாட்டுக்கூடக் கூடாதா?” என்று கேட்டாள்.

“ஒரு பாட்டுக்கூட.”

“நானும்?”

“முக்கியமாக நீ.”

சரி என்றாள். ஒழுங்கில்லாதவர்களிடம் பொறுப்பைக் கொடுத்தால் ஒழுங்கு வந்துவிடும். நிர்வாகத்தில் இது ஒரு உத்தி.

செவ்வாய்க்கிழமை அங்கே யாரும் கடலுக்குப் போவதில்லை, அது அவர்கள் வழக்கம். அதனால் விழாவைச் செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்கு வைத்திருந்தார்கள். நான் விடவில்லை. செவ்வாய் மூன்றிலிருந்து நாலரை ராகு காலம். “அண்ணாச்சி, ராகு காலம் இந்த ஊருக்கும் உண்டுமா?” என்று வெள்ளைப்பாண்டி கேட்டார். சூரியன் ஒன்றுதானே என்றேன். நேரம் நாலரைக்கு மாறியது. மூன்று மணிக்கே வந்துவிட்ட கூட்டம் நாலரைவரை காத்திருந்தது. அராபா வரிசை வரிசையாகப் போய் வாயில் விரல் வைத்து எல்லாரையும் அடக்கிக்கொண்டிருந்தாள். கிழவிகளிடம் கெஞ்சினாள், அவளுடைய தாய்மாமனையே அதட்டினாள். அவ்வளவு கூட்டம் வாய் திறக்காமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, ஏதோ திருட்டு வழக்கு விசாரணை நடக்கிறது என்று நினைத்து வழியில் போனவர்களும் உள்ளே வந்தார்களாம். குவான்சா சொன்னார். கூட்டம் கூடியதில் எனக்குத் திருப்திதான்.

நான் சொன்னது என் தபால்காரர் கதை. தீபாவளி மலரில் வந்து, வாசகர்கள் பாராட்டியது. மாசானம் என்று ஒரு தபால்காரர். தாமிரபரணியில் வெள்ளம். அக்கரையில் ஒரு தாய், பட்டாளத்துக்குப் போன மகனுடைய கடிதத்துக்குக் காத்திருக்கிறாள். மாசானம் பையைத் தலையில் வைத்துக்கொண்டு ஆற்றில் இறங்குகிறார். மூழ்கிவிடுகிறார். பை மட்டும் கரை சேருகிறது. தாய் கடிதத்தைப் படிக்கிறாள். கடமையே உயிர் என்று முடியும். அந்தக் கடைசி வரிக்குக் கண்ணீர் விடாதவர்கள் கிடையாது.

நான் ஆங்கிலத்தில் சொன்னேன். குவான்சா வரிவரியாக அவர்கள் பாஷையில் சொன்னார். சத்தமே இல்லை. ஊர்த்தலைவர் என் நெற்றியையே பார்த்துக்கொண்டிருந்தார். மாசானம் கிளம்பினார், கரைக்கு வந்தார், இறங்கினார், நடு ஆற்றுக்குப் போனார். முழங்கால், இடுப்பு, மார்பு. தண்ணீர் மார்புக்கு வந்ததும் நான் ஒரு இடைவெளி விட்டேன்.

மறந்துவிட்டதா என்கிறீர்களா? நீங்களும் அதையே கேட்கிறீர்கள். வெள்ளைப்பாண்டியும் கேட்டார். என் சொந்தக் கதை எனக்கு மறக்குமா? இடைவெளி சார். அது ஒரு உத்தி. அச்சில் மூன்று புள்ளி வைப்போமே, அது. கொஞ்சம் நீண்டிருக்கலாம். குவான்சா என்னைப் பார்த்தார். தண்ணீர் குடித்தேன். மறுபடி, தண்ணீர் மார்புக்கு வந்தது என்றேன். குவான்சா அதையும் அவர்கள் பாஷையில் சொன்னார். மறுபடி இடைவெளி. அவ்வளவு பேரும் விரலை வாயில் வைத்த மாதிரியே உட்கார்ந்திருக்கிறார்கள். நான் கேட்ட அமைதி அதுதான். என் வாழ்நாளில் அப்படி ஒரு அமைதியை நான் கேட்டதில்லை. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. கடற்கரை ஊர், புழுக்கம்.

அப்போது பின்னாலிருந்து ஒரு குரல்.

“நிறுத்துங்க. அன்னைக்கு நானும் அங்க இருந்தேன்.”

அராபா. யாரைக் காவலுக்கு வைத்தேனோ அவள்.

“நான் கரையில மீன் கழுவிக்கிட்டிருந்தேன். அந்த மனுசர் ஏன் நடு ஆத்துல நிக்கிறார்னு எனக்குத் தெரியும். எந்த வீட்டுக்குக் கடுதாசின்னு மறந்துட்டார். யோசிச்சுக்கிட்டு நிக்கிறார்.”

கூட்டம் சிரித்தது பாருங்கள், கூரைத் தகரம் அதிர்ந்தது. அதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. மாசானம் அனுபவம் உள்ள தபால்காரர், முகவரி மறக்கிறவர் இல்லை. அவள் ஒரு பாட்டை எடுத்தாள். ஆற்றைப் பார்த்து, கொஞ்சம் பொறு, இந்த ஆள் யோசிக்கட்டும் என்கிற மாதிரி பாட்டு. ஒன்றரை மணி நேரம் வாயை மூடி உட்கார்ந்திருந்த கூட்டம். சேர்ந்து பாடியதும் ஊருக்கு வெளியே கேட்டிருக்கும். முடிந்ததும் என்னைப் பார்த்து, “அப்புறம், மிஸ்டர் கோமதி?” என்றாள். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

எனக்கு எல்லாம் ஞாபகம் வந்தது. அதாவது, இடைவெளி முடிந்தது. தெளிவாகச் சொன்னேன்: மாசானம் மூழ்கினார்.

இல்லை என்று ஒரு கிழவி எழுந்தாள். அவளும் அன்றைக்கு அங்கே இருந்தாளாம். வலையை வீசிப் பிடித்துவிட்டாளாம். பாட்டு. நான் வலை அறுந்தது என்றேன். அராபாவின் மாமன் எழுந்தார். அவர் படகில் வந்துகொண்டிருந்தாராம். பாட்டு. படகு கவிழ்ந்தது என்றேன். மூன்று முறை மூழ்கடித்தேன் சார். மூன்று முறையும் இழுத்துக் கரையில் போட்டுவிட்டார்கள். அவர்கள் வாதம் என்ன தெரியுமா? மீன்பிடிக்கிற ஊர், கரையில் இத்தனை பேர் நிற்கிறோம், ஒரு ஆளை எப்படி ஆற்றில் போக விடுவோம் என்கிறார்கள். அது தாமிரபரணி, நீங்கள் நிற்கவில்லை என்று நான் சொன்னதைக் குவான்சா மொழிபெயர்க்கவே இல்லை. அவரும் பாடிக்கொண்டிருந்தார்.

உச்சம் என்னவென்றால், வெள்ளைப்பாண்டி எழுந்துவிட்டார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, “நானும் அன்னைக்கு அங்கதான் இருந்தேன்” என்கிறார். அவர் கைகொடுத்து மாசானத்தைக் கரையேற்றினாராம். என்ன பாட்டு பாடினார் என்று கேட்காதீர்கள். ஏலேலோ என்று ஏதோ இழுத்தார். அந்த ஊர் அவரைப் பார்த்து முதல் முறையாகக் கை தட்டியது. ஒரு கிழவி, கரையேறுவதற்குப் பாதை எங்கே, சுவர் அல்லவா இருக்கிறது என்று கேட்டாள். மறுபடி சிரிப்பு. வெள்ளைப்பாண்டியும் சிரித்தார். அடுத்த மாதம் சுவரில் ஒரு வாசல் வைத்தார் என்று கேள்வி.

கடைசியில் கடிதங்கள் நனைந்துவிட்டன. மீன் காயப்போடுகிற தட்டிகளில் கடிதங்களைக் காயப்போட்டார்களாம். காய்கிற நேரத்தில் ஊரார் எல்லாரும் எல்லாருடைய கடிதத்தையும் படித்துவிட்டார்களாம். அதனால் அந்தத் தாய்க்கு மகன் வரப்போகிற செய்தியை அராபா வாயால் சொன்னாள். தபால் விதிகளின்படி அது குற்றம். நீதியும் சொல்லவில்லை. ஊர்த்தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். என் கையைப் பிடித்து, நல்ல கதை கொண்டுவந்தீர்கள் என்றார். நான் கொண்டுபோனது அது இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். மாலை போட்டுவிட்டார்கள்.

பிறகு ஏக்கோ சொன்னான். பாவம், அந்தக் கூச்சலுக்குப் பிறகு. ஒரு லாரி ஓட்டுநர், ஒரு வெள்ளம், ஒரு தாய். மூழ்கினான். கடமையே உயிர். ஒரு சொல் மிகை இல்லை. யாரும் குறுக்கே பேசவில்லை. பலர் எழுந்து சாப்பிடப் போய்விட்டார்கள். அப்படியே என் பாணி. இதை யாரிடமிருந்து கற்றான் என்று யாரும் கேட்க வேண்டியதில்லை.

அறிவிப்பதற்கு முன் வெள்ளைப்பாண்டி என்னைத் தனியே இழுத்துப்போனார். “அண்ணாச்சி, அந்தப் பிள்ளைக்கே குடுத்துருங்க. உங்களைக் காப்பாத்திவிட்டதே அதுதான்” என்றார். எதிலிருந்து காப்பாற்றினாள் என்று கேட்டேன். நான் ஏக்கோவின் பெயரை அறிவித்தேன். கூட்டம் அமைதியாக இருந்தது. இந்த முறை யாரும் விரல் காட்டவில்லை.

எல்லாரும் போனபிறகு அராபா வந்தாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. விதி தெரியுமா தெரியாதா என்று கேட்டேன். தெரியும் என்றாள். எழுந்தால் அந்த இடம் போய்விடும் என்று தெரியாதா என்றேன்.

“தெரியும், மிஸ்டர் கோமதி.”

“பிறகு ஏன் எழுந்தாய்?”

“நீங்க நின்னுட்டீங்க. கதை நடுவுல ஒருத்தர் நின்னுட்டா அப்படியே விட்டுட்டு உக்காந்திருக்கக் கூடாது. நான் உக்காந்துதான் பார்த்தேன். முடியல. உங்க முகத்தைப் பார்த்தேன்.”

என் முகத்தில் என்ன இருந்தது? இடைவெளி விடும்போது என் முகம் அப்படித்தான் இருக்கும். அதைச் சொன்னேன். சரி என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டாள்.

துவரங்குறிச்சி வந்துவிட்டதா? தேநீருக்கு நிறுத்த மாட்டான் இவன்.

இதோடு முடிந்தது என்று ஊருக்கு வந்தேன். ஆப்பிரிக்க அனுபவம் பற்றிப் பதினான்கு வாரம் தொடர் எழுதினேன். அந்த விழா பற்றி எழுதும்போது, ‘அரங்கம் உறைந்து நின்றது’ என்று எழுதினேன். அது உண்மைதானே? எந்தக் கட்டத்தில் என்பது விவரம். அதைப் படித்துத்தான் திருச்சிக்காரர்கள் அழைத்தார்கள்.

ஏக்கோ வானொலியில் கொஞ்ச நாள் இருந்தான். வாரம் ஒரு கதை, நீதியோடு. கேட்கிறவர்கள் தொலைபேசியில் கூப்பிட்டுக் குறுக்கே பேசப் பார்த்தார்களாம், அவன் இணைப்பைத் துண்டித்துவிடுவானாம். அருமையான மாணவன். தை மாதம் வாக்கில் வேலையை விட்டுவிட்டு வெள்ளைப்பாண்டியின் குளிர்சாதன லாரிக்கு ஓட்டுநராகப் போய்விட்டான். இப்போது மிகவும் சந்தோஷமாக இருக்கிறானாம். இளைஞர்கள் மனதை யாரால் கணிக்க முடியும்?

இடம் காலி. வெள்ளைப்பாண்டி போன் செய்தார். வருடம் முடிய இன்னும் பல மாதம் இருக்கிறது, ஒப்பந்தப்படி உங்கள் வார்த்தை வேண்டும், அராபா பெயரைச் சொல்லிவிடுங்கள், மார்ச் கடைசிக்குள் ஆள் வராவிட்டால் நிலையத்தார் இடத்தை எடுத்துவிடுவார்கள் என்றார். குளிர் அறையில் என்ன நடக்கிறது என்பதையும் சொன்னார். குல்லாவை ஒரு காதுக்கு மேலே தூக்கிவிட்டுக்கொண்டு என் தபால்காரர் கதையைத்தான் சொல்கிறார்களாம். மாசானத்துக்கு அந்த ஊரிலேயே கல்யாணம் ஆகிவிட்டதாம். இரண்டாவது மகனுக்கு என் பெயராம். கோமதி. “வேலை கொஞ்சம் மெதுவாத்தான் போகுது அண்ணாச்சி, ஆனா ஒருத்தரும் லீவு போடுறதில்ல” என்று சிரிக்கிறார். என் கதாபாத்திரம் சார். நான் சாகடித்த ஆள். இன்னும் சாகவில்லை.

நான் கல்நெஞ்சக்காரன் இல்லை. யோசித்துவிட்டு ஒரு வழி சொன்னேன். அன்று குறுக்கே பேசியதற்கு அவள் மன்னிப்புக் கேட்கட்டும். கதையின் முடிவையும் ஒப்புக்கொள்ளட்டும். மாசானம் மூழ்கினார் என்று ஒரே ஒரு வரி அவள் வாயால் சொல்லட்டும். அன்றைக்கே அவள் பெயரைக் கொடுத்துவிடுகிறேன் என்றேன். இதைவிடப் பெருந்தன்மையாக யார் நடப்பார்கள்?

மூன்று நாள் கழித்துப் பதில் வந்தது. மன்னிப்புக் கேட்கிறாளாம். எத்தனை முறை வேண்டுமானாலும் கேட்கிறாளாம். அந்த ஒரு வரியை மட்டும் சொல்ல மாட்டாளாம்.

ஏன் என்று கேட்டேன்.

“அவ அன்னைக்கு அங்க இருந்தாளாம் அண்ணாச்சி. பார்த்ததை மாத்திச் சொல்ல முடியாதாம்.”

வெள்ளைப்பாண்டி அதைச் சொன்னபோது அவர் குரலில் ஒரு சிரிப்பு இருந்தது. அதுதான் என்னை உறுத்தியது. எல்லாரும் அங்கே இருந்தார்களாம். வெள்ளைப்பாண்டி இருந்தாராம், கிழவி இருந்தாளாம், குவான்சா இருந்தாராம். எழுதிய நான் ஒருவன்தான் அங்கே இல்லாதவன் மாதிரி பேசுகிறார்கள்.

இல்லை சார், ஒரு போன் போட்டிருக்கலாம் என்று சொல்வது சுலபம். போட்டிருக்கலாம்தான். எண் இருந்தது, நேரமும் இருந்தது. பாராட்டு விழாவுக்கு உரை எழுதிக்கொண்டிருந்தேன், ‘கதையும் ஒழுங்கும்’ என்று தலைப்பு. அந்த உரையைக் கையில் வைத்துக்கொண்டு இந்தப் பக்கம் விதியைத் தளர்த்தினால் நான் என்ன ஆசிரியர்? அவள் ஒரு வரி சொன்னால் முடிந்திருக்கும். நான் ஒரு வரி சொன்னாலும் முடிந்திருக்கும் என்கிறீர்கள். இரண்டும் ஒன்றல்ல.

விராலிமலை வருகிறது, பையை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் பெயரைக் கேட்கவே இல்லை. பரவாயில்லை. நன்றாகக் கேட்டீர்கள், அதிகம் குறுக்கே பேசவில்லை.

அந்த இடமா? மார்ச் முப்பத்தொன்றாம் தேதி வானொலி நிலையம் அதை ரத்து செய்துவிட்டது.